கடைசிப் பத்துப் பேரை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு

கணக்குக் கற்பித்தல் பற்றிய எம்.எட். தீசிஸ்கள் வருஷா வருஷம் பாளையங்கோட்டையில் என் மேஜைக்கு வந்து சேருகின்றன. அட்டவணை எண் மாறியது, கூட்டல் பிசகியது எல்லாம் கைடு கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தும் முடிவையே கவிழ்த்துவிடும் தவறுகள் சில உண்டு. அதில் ஒன்றை நானே செய்தேன். இந்த வருஷமும் மூன்று தீசிஸில் அதே தவறு.

மார்க் குறைந்தவர்களை மட்டும் பிடித்துக்கொள்வது

முதலில் ஒரு தேர்வு வைப்பார்கள். கடைசிப் பத்துப் பேரைப் பிரித்து, ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதி, ஒரு மாதம் புது முறையில் சொல்லிக் கொடுப்பார்கள். பிறகு இன்னொரு தேர்வு. சராசரி ஏறியிருக்கும். இரண்டு சராசரிக்கும் உள்ள வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் டி-டெஸ்ட் போட்டால் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று வரும். முறை வெற்றி என்று முடித்துவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் முடித்தேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பில் கடைசி பன்னிரண்டு பேருக்குப் புளியங்கொட்டை வைத்து மிகை எண், குறை எண் நடத்தினேன். ஓட்டோடு இருக்கும் கொட்டை மிகை, உரித்து வெள்ளையானது குறை. மார்க் கூடியது. தலைமையாசிரியர் என் முடிவை அப்படியே நம்பி, அடுத்த இரண்டு வருஷம் கடைசி வரிசைப் பிள்ளைகளின் விளையாட்டுப் பீரியடை எடுத்து இதற்குக் கொடுத்தார். மற்ற பிள்ளைகள் மைதானத்தில் நிற்க, இவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து கொட்டை எண்ணினார்கள். அதற்கு ஆதாரம் என்று அவர் கையில் இருந்தது என் அட்டவணை ஒன்றுதான். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அட்டவணை எதையுமே நிரூபிக்கவில்லை என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்தது 2023 டிசம்பர் வெள்ளம். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊரில் வேலை பார்த்த இளம் ஆசிரியை, மழைக்கு முந்தைய வாரம் முன்தேர்வு வைத்திருந்தார். 25 மார்க். வகுப்புச் சராசரி 13, கடைசிப் பத்துப் பேரின் சராசரி 6. பாடம் தொடங்கும் முன்பே வெள்ளம் வந்தது, பள்ளியை மூடினார்கள். ஜனவரியில் திறந்ததும், பழைய தாள் ஆறிப்போயிருக்கும் என்று, அதே அளவு கடினத்தில் வேறு வினாத்தாள் கொடுத்திருக்கிறார். திருத்திய தாள்களோடு என்னிடம் வந்தார்.

“சார், நான் ஒரு கிளாஸ்கூட எடுக்கலியே. கடைசிப் பத்துப் பேருக்கு எப்பிடி சார் சராசரி 9 வந்துச்சு?”

“முதல் பத்துப் பேர் தாளையும் எடும்மா” என்றேன். அவர்கள் 21-லிருந்து 18-க்கு இறங்கியிருந்தார்கள். வகுப்புச் சராசரி அதே 13.

ஒரு தேர்வின் மார்க்கில் பிள்ளைக்குத் தெரிந்ததோடு அன்றைய நாளும் கலந்திருக்கிறது. காய்ச்சல், கேள்வியைத் தப்பாகப் படித்தது, இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டியது. அன்றைக்குச் சறுக்கியவர்கள்தான் கடைசிப் பத்தில் அதிகம் சேருவார்கள். அடுத்த தேர்வில் எல்லாரும் ஒருசேரச் சறுக்கமாட்டார்கள். ஆகவே சராசரி மேலே வரும். முதல் பத்தில் ஊகம் பலித்தவர்கள் சேருவார்கள். அடுத்த முறை இறங்குவார்கள். இரண்டு தேர்வு மார்க்கும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவு 0.6 என்றால், வகுப்புச் சராசரிக்கு 7 மார்க் பின்தங்கிய குழு அடுத்த முறை சுமார் 4.2 மட்டுமே பின்தங்கும். 13-இல் 4.2 போக 8.8. ஆசிரியை கண்ட 9 இதுதான்.

பிரான்சிஸ் கால்டன் 1886-லேயே, நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு நெட்டையாக இருப்பதில்லை என்று உயரங்களை அளந்து எழுதினார். ரிக்ரஷன் (சராசரியை நோக்கித் திரும்புதல்) என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லை வைத்து ஒரு பேப்பர் முழுக்கப் படித்துத் தேறிய எம்.எஸ்சி.க்காரர்கள்கூட, வகுப்பறைக்குள் அதே விஷயம் நிற்கும்போது அடையாளம் காண்பதில்லை.

செய்ய வேண்டியது கடினமில்லை. கடைசி இருபது பேரை எடுத்துச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பத்துக்கு இந்த மாதம், மறு பத்துக்கு அடுத்த மாதம். “பாதிப் பேரை விட்டுட முடியுமா சார்?” என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில், யாரையும் விடவில்லை, வரிசைதான் மாறுகிறது. முதல் மாதக் கடைசியில் இரு குழுவுக்கும் தேர்வு வைத்து, இடையில் எத்தனை மார்க் வித்தியாசம் என்று பாருங்கள். உங்கள் முறையின் பலன் அந்த வித்தியாசம்தான். அதுவும் முடியாதென்றால், ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்வு, முன்தேர்வாகக் கணக்கில் கொள்ள வேறொரு தேர்வு என்று இரண்டு தேர்வாவது வையுங்கள்.

10-ஏ-வுக்குப் புது முறை, 10-பி-க்குப் பழைய முறை

உங்களிடம் இருப்பது 80 பேரில்லை, இரண்டு வகுப்புகள். மார்க் வித்தியாசம் முறையால் வந்ததா, அந்த வகுப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

விடை வந்தால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது

முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டேன்: அம்மா நான்கு நாள் தினம் 600 பீடி, இரண்டு நாள் தினம் 900 பீடி சுற்றினார், ஒரு நாளைக்குச் சராசரி எத்தனை? பலரும் 600-யும் 900-யும் கூட்டி இரண்டால் வகுத்து 750 என்றார்கள். சரியான விடை 700. அதே பிள்ளைகள் ஐந்து எண் கொடுத்துச் சராசரி கேட்டால் பிசகாமல் போடுவார்கள். பின்தேர்வில் அந்த ஐந்து எண் கேள்வி மட்டும் இருந்தால், ‘சராசரிக் கருத்து அடையப்பட்டது’ என்று தீசிஸ் சொல்லும்.

கணக்குக் கல்வி ஆய்வாளர் எர்ல்வாங்கர் 1973-இல் பென்னி என்ற பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடத்திட்டத்தின் தேர்வுகளில் நன்றாகத் தேறிவந்த பையன். உட்கார்த்திப் பேசிப் பார்த்தால் 2/10 என்பதை 1.2 என்றான். மேலும் கீழும் கூட்டி நடுவே புள்ளி வைக்கிறான்! ஐம்பது பேருக்குத் தாள் கொடுத்தாலும், நான்கு பேரிடமாவது பக்கத்தில் உட்கார்ந்து “எப்பிடிப் போட்டே, சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு அளவுகோலை வரிக்கு வரி மொழிபெயர்ப்பது

ரிச்சர்ட்சனும் சுயின்னும் 1972-இல் வெளியிட்ட கணக்குப் பயம் அளவுகோலில் 98 கூற்றுகள். அதை நம்மூர் ஏழாம் வகுப்புக்குத் தமிழாக்கி நீட்டாதீர்கள். பத்துப் பிள்ளைகளிடம் முதலில் வாசிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள்.

பி மதிப்பு 0.05-க்குக் கீழே

பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி மதிப்பு சொல்கிறது, பலன் எவ்வளவு என்று சொல்லாது. எத்தனை மார்க் கூடியது என்பதையும் எழுதுங்கள்.

முடிவைப் பள்ளிக்குச் சொல்லாமல் போவது

வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த வாரமே ஒரு பக்கத்தில் எழுதி, உங்களுக்கு வகுப்பு கொடுத்த கணக்கு ஆசிரியர் கையில் கொடுங்கள். பலன் தெரியவில்லை என்றாலும் கொடுங்கள். அவர் அந்த விளையாட்டுப் பீரியடில் கை வைக்காமல் இருப்பார்.