பொலித்தீன் கிழியும் முன் தோண்டி எடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. பின்புறம் பத்தடிக்கு ஆறடியில் ஒரு துண்டு வளவு. அதில் நட்ட பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகளில் நான்கு மட்டும் வளரவே இல்லை. கூட்டெரு போட்டேன், வேப்பெண்ணெய் தெளித்தேன், கடைசியில் கோபத்தில் ஒன்றைப் பிடுங்கினேன். வேர் கீழே இறங்காமல் தோசைபோலத் தட்டையாகப் படர்ந்திருந்தது. ஒரு சாண் ஆழத்தில், சோறு சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட் ஒன்று விரித்தபடி கிடந்தது. அதற்கு மேலே நாற்றமடிக்கும் சேறு. கீழே காய்ந்த மணல். லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரில் தடைசெய்தார்கள். இது அதற்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும். ஒரு மூலைகூட உக்கவில்லை.

முழுசாகக் கிடக்கும் பொலித்தீன் நீரையும் காற்றையும் வேரையும் மறிக்கும். ஆனாலும் அதை எடுத்துவிடலாம். வெயிலில் நொறுங்கி 5 மில்லிமீற்றருக்கும் சிறிதாகிவிட்டால் எடுக்க வழியில்லை. அந்தத் துகள்கள் மண் நீரைப் பிடித்துவைக்கும் விதத்தையே மாற்றிவிடும். மண்புழுக்கள் அவற்றைத் தம் வளைக்குள் இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகும். ஆகவே பெரிதாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் தோண்டுங்கள். மண்வெட்டி வேண்டாம்: ஒரு வெட்டில் ஒரு பை பத்துத் துண்டாகும், அந்தப் பத்தையும் நீங்கள்தான் தேட வேண்டும். மண்ணைக் கிளறித் தளர்த்தி, கையுறை போட்டுக்கொண்டு மெதுவாக இழுங்கள். ஒன்றரைச் சாண் ஆழம் போதும். பிறகு மண்ணை நிழலில் உலர்த்தி, மேசன்மார் மணல் அரிக்கும் அரிதட்டில் அரியுங்கள்.

அரித்த மண்ணில் ஒரு சிரட்டை அளவு எடுத்து வாளித் தண்ணீரில் கலக்கி ஐந்து நிமிடம் விடுங்கள். பொலித்தீன் துண்டும் பிளாஸ்டிக் அரிசிப் பை நாரும் மிதக்கும். சருகும் தும்பும்கூட மிதக்கும்; விரலால் நசுக்கினால் சருகு நொறுங்கும், பொலித்தீன் வழுக்கும். தண்ணீர்க் குழாய்த் துண்டும் சோடாப் போத்தல் துண்டும் அடியில் போய்விடும் என்பதால், வண்டலையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

எடுத்ததை எரிக்காதீர்கள். நச்சுப் புகை பக்கத்து வீட்டுக்குப் போகும், உருகிய மிச்சம் சாம்பலோடு மீண்டும் மண்ணுக்கே வரும். கழுவி, உக்காத கழிவோடு கொடுங்கள்.

புதிதாக உள்ளே வருவதைத் தடுப்பதில்தான் நான் கோட்டை விட்டேன். மொட்டைமாடியில் ஆறு அரிசிப் பைகளில் கத்தரி நட்டிருந்தேன். ஒரு வருட வெயிலுக்குப் பிறகு இடம் மாற்றத் தூக்கினால், பை கையோடு மாவாக உதிர்ந்தது. வெள்ளை நார் காற்றில் பறந்து கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஒட்டியது. "அக்கா, பூனை வளர்க்கிறீர்களா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண். இப்போது பழைய மண்சட்டியும் பெயின்ட் வாளியும்தான். வாளியும் பிளாஸ்டிக்தான், தெரியும்; ஆனால் தடிப்பானது, வெடிப்பு விழுந்தவுடன் அகற்றிவிடலாம்.

கன்றோடு வரும் கறுப்புப் பையை அடியில் மட்டும் கீறிவிட்டு அப்படியே புதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முழுவதும் உரித்தெடுங்கள். வாங்கும் கூட்டெருவில் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கிழித்த ஷம்பூ உறையின் மூலை மினுங்கினால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். வீட்டிலேயே கூட்டெரு செய்கிறவர்கள் அப்பிள் தோலில் ஒட்டிய ஸ்டிக்கரை மறக்கக் கூடாது.

"உக்கும்" என்று அச்சிட்ட பை ஒன்றையும், வீட்டில் எல்லோரும் சிரிக்க, வளவு மூலையில் புதைத்து அடையாளக் குச்சி நட்டிருந்தேன். பதினாறு மாதம் கழித்துப் போன வாரம் தோண்டினேன். எழுத்தை இன்னும் வாசிக்க முடிகிறது.