'மரம்' ஏன் ஆங்கிலமானது?

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் கற்பித்தல் பயிற்சிக்காக மூன்றாம் வகுப்புக்கு ஸ்லைடுகள் தயாரித்திருந்தேன். என் லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்த தமிழ், பள்ளி லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது.

தமிழ் கீபோர்டைச் சேர்த்தேன். ஆஃபீஸை அழித்து மறுபடி போட்டேன். எழுத்துருவை லதாவுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை, மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: 'மரம்' இருக்க வேண்டிய இடத்தில் கே, யூ, கே, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. மெய்யெழுத்து வரும் இடமெல்லாம் அதே அரைப்புள்ளி! புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி என்றால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. ஸ்லைடில் இருந்த வரிகள் சீனியர் அக்கா கொடுத்த பழைய கோப்பிலிருந்து நகலெடுத்தவை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. என் லேப்டாப்பில் பாமினி இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் பாமினியை நிறுவலாம். ஆனால் அடுத்த பள்ளியிலும் இதே கதை. அதனால் வரிகளை யூனிகோடு மாற்றியில் (பாமினி எழுத்தை, எந்தக் கணினியிலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடு எழுத்தாக்கும் கருவி) போட்டு எடுத்து, நிர்மலா யூஐ எழுத்துருவில் ஒட்டினேன். சரியாகிவிட்டது, நிம்மதி. ஸ்லைடில் இடையே வரும் ஆங்கிலச் சொற்களை மட்டும் மாற்றியில் போடாதீர்கள், அவையும் புரியாத தமிழாகிவிடும்.