எஸ்விஎன் சர்வர், கிட் கை

எங்கள் வாடிக்கையாளரின் சர்வரில் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைப்பது இன்றும் சப்வெர்ஷன்தான், சுருக்கமாக எஸ்விஎன். நானோ அதே வேலையைச் செய்யும் கிட்டில், ரயிலில் உட்கார்ந்து, நெட் இல்லாமலே நாலு கமிட் (மாற்றப் பதிவு) போட்டுப் பழகியவன். எஸ்விஎன்னில் ஒவ்வொரு கமிட்டுக்கும் சர்வர் வேண்டும். அதை மாற்றச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் இரண்டையும் இணைக்கும் 'கிட் எஸ்விஎன்' கட்டளையோடு நான்கு வருடமாகக் குடித்தனம் நடக்கிறது.

முதலில் ஆட்கள் பட்டியலைத் தயார் செய்யுங்கள். எஸ்விஎன் லாகின் பெயரை மட்டும்தான் வைத்திருக்கும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒருவராக லாகின், சமக்குறி, பெயர், கோண அடைப்புக்குள் மின்னஞ்சல் என்று எழுதி, க்ளோன் செய்யும்போது (சர்வரில் உள்ளதை உங்கள் கணினிக்கு நகலெடுக்கும்போது) ஹைபன் பெரிய ஏ போட்டுக் கொடுங்கள். ஒரு லாகின் விட்டுப்போனாலும் க்ளோன் பாதியில் நின்றுவிடும். எனக்கு ராத்திரி பத்து மணிக்கு நின்றது. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவருடைய ஒரே ஒரு கமிட்! பயப்பட வேண்டாம். பெயரைச் சேர்த்துவிட்டு 'கிட் எஸ்விஎன் ஃபெட்ச்' கொடுத்தால் நின்ற இடத்திலிருந்து தொடரும்.

சர்வரில் டிரங்க், பிராஞ்சஸ், டேக்ஸ் என்று வழக்கமான ஃபோல்டர் அமைப்பு இருந்தால் க்ளோனோடு ஹைபன் எஸ் போதும். எஸ்விஎன் எண் போட்டு வைக்கும் ரிவிஷன்களை ஒவ்வொன்றாக இழுப்பதால் பழைய ரிப்போ (நிரல் களஞ்சியம்) என்றால் ஒரு ராத்திரி முழுக்க ஓடும். பழைய வரலாறு வேண்டாமா? ஹைபன் ஆர் போட்டு, எந்த எண்ணிலிருந்து ஹெட் (கடைசி ரிவிஷன்) வரை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸ்காரர்கள் க்ளோனுக்கு முன்பே, வரி முடிவுக் குறியைத் தானாக மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பை அணைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் ஒரு வரி மாற்றியதற்கு ஃபைல் முழுவதும் மாறியதாகக் காட்டும்.

அன்றாட வேலை சுலபம். தனி பிராஞ்சில் (கிளையில்) எழுதுங்கள், இஷ்டத்துக்குக் கமிட் போடுங்கள். அனுப்பும் முன் 'கிட் எஸ்விஎன் ரீபேஸ்'. எஸ்விஎன் அப்டேட் மாதிரிதான், மற்றவர்களின் மாற்றங்களுக்கு மேல் உங்களுடையதை அடுக்கிவிடும். அப்புறம் 'கிட் எஸ்விஎன் டிகமிட்', சர்வருக்கு அனுப்புவது அதுதான். முதல் தடவை ஹைபன் என் சேர்த்து ஒத்திகை பாருங்கள். என்னென்ன போகும் என்று காட்டும், எதையும் அனுப்பாது.

டிகமிட்டை, கமிட்டை அப்படியே அனுப்பும் கிட் புஷ் மாதிரி நினைத்ததுதான் என் தப்பு. அது ஒவ்வொரு கமிட்டையும் ஒரு எஸ்விஎன் ரிவிஷனாக்கி, பிறகு உங்கள் பக்கத்துக் கமிட்டையும் புதிதாக எழுதுகிறது. 'வரிக் கணக்கு திருத்தம்' என்று நான் எழுதிய செய்திக்குக் கீழே கிட்-எஸ்விஎன்-ஐடி என்று ஒரு வரி முளைத்திருக்கும். அதில் ரிப்போ முகவரியும் 18342 என்ற ரிவிஷன் எண்ணும். செய்தி மாறினால் கமிட்டின் அடையாளமான ஹேஷும் மாறும். ஆகவே டிகமிட் ஆகாத கமிட்டைப் பக்கத்து சீட்காரருக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று என்று ஒரே மாற்றம் இரண்டாக நிற்கும்.

மெர்ஜும் (பிராஞ்ச்களை இணைப்பதும்) கூடாது. ஒருமுறை 14 கமிட் உள்ள பிராஞ்சை மெர்ஜ் செய்துவிட்டு டிகமிட் கொடுத்தேன். எஸ்விஎன்னில் மொத்தமும் ஒரே ரிவிஷனாக, 'மெர்ஜ் பிராஞ்ச்' என்ற செய்தியோடு போய் உட்கார்ந்தது. வாடிக்கையாளர் பக்கத்து ரிவ்யூக்காரர் போனில் கேட்ட முதல் கேள்வி, "என்னங்க இது, ஒரே மூட்டையா?" அன்று முதல் எல்லாம் ரீபேஸ்தான், வரலாறு ஒரே நேர்கோடு.

ஒன்றிரண்டு மாற்றம்தான் என்றால் இவ்வளவும் வேண்டாம், மாற்றத்தை மட்டும் ஃபைலாக எடுத்து அந்தப் பக்கம் பொருத்தும் பேட்ச் போதும். மாற்றங்களை எடுத்துத் தரும் 'கிட் டிஃப்', ஃபைல் பெயருக்கு முன்னால் ஏ, பி என்று சேர்ப்பதால் எஸ்விஎன் பக்கம் பாதை பொருந்தாது. நோ-ப்ரிஃபிக்ஸ் சேர்த்து டிஃப் எடுங்கள், அந்தப் பக்கம் 'பேட்ச்' கட்டளையில் ஹைபன் பி பூஜ்யம். புது ஃபைல் இருந்தால் எஸ்விஎன் ஆட் கொடுக்க மறக்காதீர்கள். பெயர் மாறிய ஃபைலுக்கு முதலில் கையால் எஸ்விஎன் மூவ். இல்லாவிட்டால் அதன் பழைய வரலாறு அறுந்துபோகும்.

இன்னொன்று. டெஸ்டர் கூப்பிட்டு "18342-ல இருந்துதான் பில் தப்பா வருது" என்பார். கிட்டில் அந்த எண்ணுக்கு எங்கே போவது? 'கிட் எஸ்விஎன் ஃபைண்ட்-ரெவ்' என்று அடித்து, ஆர் என்ற எழுத்தோடு எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். ஹேஷ் கைக்கு வரும், போனை வைப்பதற்குள் டிஃப் பார்த்துவிடலாம்.