நாயுடன் ஏலகிரிக்கு இரண்டு நாள்: குறைந்த செலவில் திட்டமிடும் முறை

நாயையும் அழைத்துக்கொண்டு வெளியூர் செல்ல நினைப்பவர்களில் பலர் ஊரை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு அறை தேடி அலைகிறார்கள். இந்த வரிசையை மாற்றினால் அலைச்சலும் செலவும் குறையும். உங்கள் நாய் காரில் எத்தனை மணி நேரம் பொறுமையாக இருக்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, அந்தத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்களில் மட்டும் அறையைத் தேடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கில் ஏலகிரி நன்றாகப் பொருந்துகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏறத்தாழ 230 கிலோமீட்டர்தான். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ இதைப்போல இரு மடங்குக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும், எரிபொருள் செலவும் அதற்கேற்ப ஏறும்.

சனி, ஞாயிறைத் தவிர்த்து வாரநாளில் சென்றால் வாடகையில் பேரம் பேச இடம் இருக்கும். கூட்டமும் வாகன இரைச்சலும் குறைவாக இருப்பதால் நாயும் மிரளாது.

மிகுந்த கவனம் தேவைப்படுவது அறைக்காகத் தொலைபேசியில் பேசும்போதுதான். 'நாய்க்கு அனுமதி உண்டு' என்ற பதிலை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'கார் நிறுத்துமிடத்தில் கட்டிக்கொள்ளலாம்' என்பதையும் சிலர் அனுமதி என்றே சொல்கிறார்கள். இதை நான் ஒருமுறை வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். எனவே நாய் அறைக்குள் உறங்கலாமா, அதற்கான கட்டணம் ஓர் இரவுக்கா அல்லது தங்கும் நாள்கள் முழுவதற்குமா, சுற்றுச்சுவரோ வேலியோ இடைவெளியின்றி இருக்கிறதா, உரிமையாளர் வளர்க்கும் நாய் அவிழ்த்துவிடப்பட்டிருக்குமா என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். தரைத்தள அறையாக இருந்தால் நள்ளிரவில் நாயை வெளியே அழைத்துச் செல்வது எளிது. சமையலறையுள்ள வீடு கிடைத்தால் சற்றுக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் நட்டமில்லை. நாய்க்கு வழக்கமான சோற்றையே சமைக்கலாம், உங்கள் உணவகச் செலவும் மிச்சமாகும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உண்ணித் தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பழைய படுக்கை விரிப்பு இரண்டை எடுத்துச் சென்றால், கட்டிலில் முடி ஒட்டியதென்று முன்பணத்தில் பிடித்தம் செய்யும் பேச்சு எழாது.

புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே நாய்க்கு உணவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் கொடுங்கள். ஏலகிரிச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 14 உள்ளன. வயிறு நிறைந்த நாய்க்கு அவை பெரும் சோதனை. கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பதும், உதட்டை நக்குவதும், எச்சில் நூலாக ஒழுகுவதும் வாந்திக்கு முந்தைய அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் வளைவைத் தாண்டி அகலமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஆனால் குரங்குகள் தென்பட்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுவதே நல்லது.

ஆம்பூரில் பிரியாணிக்காக நிறுத்துவீர்கள். தவிர்க்கச் சொல்லும் மனம் எனக்கில்லை. நாயைப் பூட்டிய காரில் விட்டுச் செல்லாமல், ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடுங்கள். வெளியே 30 டிகிரி வெயில் இருந்தாலே அரை மணி நேரத்தில் காருக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும். மிஞ்சிய பிரியாணியை நாய்க்கு வைக்காதீர்கள்: வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

மேலே சென்றபின் புங்கனூர் ஏரியையும் பூங்காவையும் பார்க்க விரும்பினால், நாயுடன் ஒருவர் வெளியே இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாய்க்கு உண்மையான மகிழ்ச்சி, விடியற்காலையில் ஊர்ப்பாதைகளில் மோப்பம் பிடித்தபடி நடப்பதில்தான் இருக்கிறது. தெருநாய்கள் தங்கள் எல்லையை விட்டுக்கொடுக்காது என்பதால் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்; தேங்கிய குட்டை நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் குடிக்கவும் விடவேண்டாம்.

வீடு திரும்பியதும் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் நாய் சோர்ந்து சோற்றை ஒதுக்கினால், மலைக்குச் சென்று வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையை அவர் தாமதமின்றிச் செய்ய அது உதவும்.