நாய் வாந்தி எடுத்தால்

வெள்ளவத்தை அடுக்குமாடி வீடொன்றில் விடியற்காலையில் வளர்ப்பு நாய் மஞ்சள் நுரையாகக் கக்கினால், அது பெரும்பாலும் வெறும் வயிற்றில் ஊறிய பித்தநீரே என்பதால், இரவு படுக்கும்முன் சிறிதளவு உணவு கொடுத்துப் பார்க்கலாம். துடைத்தெறியுமுன் அதைப் படமெடுத்து வையுங்கள். மிருக வைத்தியருக்கு நம் விளக்கத்தைவிட அது உதவும். வயிறு எக்காமல், உண்டது அப்படியே வழிந்து வந்தால், கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம்.

ஒருமுறை கக்கிவிட்டுத் துள்ளித் திரியும் வளர்ந்த நாய்க்குச் சில மணிநேரம் உணவை நிறுத்தி, நீரைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுத்து, பின்னர் உப்பும் வெங்காயமும் சேராத குழைந்த சோற்றில் அவித்த கோழியிறைச்சியைப் பிசைந்து கொடுக்கலாம். பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் வேண்டாம். மனிதருக்குரிய அளவு நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். வாந்தியில் இரத்தமோ கோப்பித்தூள் போன்ற கரும்படிவோ தென்பட்டாலும், வயிறு உப்பி வெறுமனே ஓங்கரித்தாலும், பார்வோ என்னும் கொடிய வைரசு நோய்க்குத் தடுப்பூசி போடாத குட்டியென்றாலும், தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.