மாலைப் பயிற்சிக்கு முன் பகல் தூக்கம்: புதிய ஓட்டக்காரர்களுக்கான செய்முறை விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோடைக்காலத்தில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது. சற்று நேரத்தில் புழுக்கமும் ஏறிவிடும். ஆகவே நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் நான்கு மணிக்கே எழுந்து ஓடிவிட்டு, வேலைக்குச் சென்று, மாலையில் மீண்டும் பயிற்சிக்கு வருகிறார்கள். 1921ஆம் ஆண்டு தொடங்கிய அந்த ஓட்டம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் நீளமுடையது. அதற்காக ஓடிய தூரத்தைக் குறித்துவைப்பவர்கள் பலர்; தூங்கிய நேரத்தைக் குறித்துவைப்பவர்கள் மிகச் சிலரே.

பகலில் தூங்கினால் உடம்புக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே நம்மில் பலர் வளர்ந்தோம். மணிக்கணக்கில் தூங்குவதைப் பற்றியென்றால் அது சரியான எச்சரிக்கை. ஆனால் அளவான பகல் தூக்கம் உதவும் என்பதற்குச் சான்று உண்டு. 2007இல் வெளியான லிவர்பூல் ஆய்வு ஒன்றில், இரவில் நான்கு மணி நேரமே தூங்கிய ஆண்கள், மதியம் அரை மணி நேரம் தூங்கியபின் 20 மீட்டர் விரைவோட்டத்தை, தூங்காத நாளைவிடக் குறைந்த நேரத்தில் ஓடினார்கள்; விழிப்பும் கூடியிருந்தது. கைப்பிடியின் வலிமையில் மட்டும் மாற்றம் தெரியவில்லை.

முதற்படி: இரவுத் தூக்கத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு வாரம், படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் எழுதிவையுங்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகவே தொடர்ந்து வந்தால், முதலில் படுக்கும் நேரத்தை முன்னால் நகர்த்துங்கள். பகல் தூக்கம் அந்தக் குறையில் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும்.

இரண்டாம் படி: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

மதியம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட வேளையே பொருத்தமானது. உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். உண்ணாதவருக்கும் அந்த வேளையில் மயக்கம் வருவதுண்டு, ஏனெனில் உடலின் உள்கடிகாரமே அப்போது விழிப்பைச் சற்றுத் தளர்த்துகிறது. மூன்று மணியைத் தாண்டித் தூங்கினால், இரவில் தூக்கம் வருவதற்குத் தேவையான அசதி குறைந்துவிடும். தூங்குவதற்கு முன் அரை வயிறு மட்டும் சாப்பிடுங்கள். வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சலே மிஞ்சும்.

மூன்றாம் படி: அலாரத்தை 25 நிமிடத்துக்கு வையுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான புதியவர்கள் தடுமாறுகிறார்கள் என்பதால், காரணத்தையும் விளக்குகிறேன். படுத்துக் கண் அயர ஐந்து நிமிடம், தூங்க இருபது நிமிடம் என்பதே இந்தக் கணக்கு. அரை மணி நேரத்தைக் கடந்தால் மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கத் தொடங்கும். அந்த நிலையில் எழுப்பப்படுகிறவருக்குத் தலை பாரமாகி, கால் தள்ளாடி, சிந்தனை மந்தமாகி, அந்தக் கலக்கம் தெளியவே அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஆஸ்திரேலியாவில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து, பத்து, இருபது, முப்பது நிமிடத் தூக்கங்களை ஒப்பிட்டார்கள். பத்து நிமிடம் தூங்கியவர்கள் எழுந்தவுடனேயே சுறுசுறுப்பாக இருந்தார்கள், முப்பது நிமிடம் தூங்கியவர்களுக்கு முதலில் மந்தமே இருந்தது. எனவே கொஞ்ச நேரந்தானே என்று சலித்துக்கொண்டு அலாரத்தைத் தள்ளிவைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெடுந்தூரம் ஓடிவிட்டு, மாலையில் பயிற்சி எதுவும் இல்லாதபோது மட்டும் தொண்ணூறு நிமிடம் தூங்கலாம். தூக்கத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

நான்காம் படி: இடம்

திரைச்சீலையை இழுத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் காருக்குள் தூங்குகிறவர்கள், காவல் உள்ள வளாகத்துக்குள் நிழல் பார்த்து நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். பிப்ரவரி மாதக் கோடை வெயிலில் கண்ணாடி மூடிய கார் உயிருக்கே ஆபத்து. தூக்கம் வராவிட்டால் கண்ணை மூடிப் படுத்திருங்கள். சில வாரங்களில் உடல் தானாகவே பழகிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: எழுந்தபின்

முகம் கழுவி, தண்ணீர் குடித்து, வெளிச்சத்துக்கு வாருங்கள். எழுந்ததற்கும் பயிற்சிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும்; வழக்கமான உடல்சூடேற்றும் பயிற்சியைச் சுருக்காதீர்கள். காப்பி குடிக்கிறவர்கள் படுப்பதற்குச் சற்று முன்பே குடித்துவிடலாம்: காஃபின் வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டின் பயனும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் மாலைக் காப்பி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

இரவில் தூக்கம் வராமல் அவதிப்படுகிறவர்கள் பகல் தூக்கத்தைத் தவிர்ப்பதே நல்லது. இரவில் உரத்த குறட்டை, பகலெல்லாம் அடக்க முடியாத தூக்கம் என்றிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கக்கூடும்.

காம்ரேட்ஸ் விடியுமுன்னே தொடங்கிவிடுவதால், ஓட்ட நாளில் பகல் தூக்கத்துக்கு வழியில்லை. முந்தைய இரவில் பதற்றத்தால் பலருக்குத் தூக்கம் பிடிக்காது. ஆகவே முந்தைய நாள் மதியமே, ஓட்ட எண் அட்டையைப் பெற்று, காலணியையும் எடுத்துவைத்துவிட்டு, இதே செய்முறைப்படி இருபது நிமிடம் படுத்துக்கொள்ளுங்கள்.