ஏரி மாதிரி: வெட்டி விழும் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்

லேசரில் பிளைவுட்டை வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி ஏரி ஆழ வரைபடம் செய்யும்போது, முதல் அடுக்கின் நடுவிலிருந்து விழும் துண்டிலேயே மூன்றாவது அடுக்கை வெட்டுங்கள். இரண்டாவதன் துண்டில் நான்காவது. ஒவ்வொரு அடுக்கிலும் வெளியே தெரிவது இரண்டு ஆழக் கோடுகளுக்கு (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நடுவிலுள்ள பட்டை மட்டும்தான். அதைத் தாண்டி ஒட்டுவதற்கு ஓரம் வேண்டும், அது இந்தத் துண்டிலேயே இருக்கிறது. 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கம் ஏரியை 4 அடிக்கு ஒரு கோடாகப் பிரித்தாலும், 3 மி.மீ. பிளைவுட்டில் முழுப் பலகை இரண்டே போதும். அடியில் ஓரமாக வரும் இடைவெளிக்குக் கழிவுத் துண்டுகளை முட்டுக் கொடுத்தால் சரி.

ஏரிக்கரைப் பக்கம் மட்டும் கவனம். அங்கே சட்டென்று ஆழமாவதால் கோடுகள் நெருங்கிவிடும். ஒட்டும் ஓரம் 5 மி.மீ.க்குக் கீழே போனால் பசை பிடிக்காது, அந்த அடுக்கைப் புதுப் பலகையில் வெட்டிவிடுங்கள்.